தங்கள் முதுகுக்கென்றே அளந்து செய்த டாப்பர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கு நான், என் மனைவி, மகன், தங்கள் மகள், நம் பேரன் ஆகிய அனைவரும் தலை முதல் கால் வரை நலம். அதுபோலத் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், குறிப்பாகத் தங்கள் முதுகு நலமாக இருக்கும் என்றும் நம்புகிறேன். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சென்ற முறை தாங்கள் பேரனைப் பார்க்க வந்ததைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் வேலியைத் தாண்டி நின்று வயலை அளந்த கதையாகிவிடும். பத்து நாள் தங்குவதாக வந்தீர்கள். மூன்றாம் நாள் காலையில் பெட்டியோடு கூடத்தில் நின்றீர்கள். பழைய மாணவர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது, அடியோடு மறந்துவிட்டேன் என்றீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் சொல்வதை யார் மறுப்பது? ஆனால் வாசலில் வந்து நின்ற காரில் தாங்கள் ஏறவில்லை, தங்களை ஏற்றினார்கள். டிரைவர் ஒரு பக்கம், என் மகன் ஒரு பக்கம், வீடு மாறும்போது பீரோவைச் சாய்த்து ஏற்றுவார்களே, அதுபோல. போய்ச் சேர்ந்ததும் தங்கள் மகளை ஃபோனில் அழைத்து, "உன் மாமனார் வீட்டுக் கட்டில்ல படுக்கிறதுக்குக் கல்லுடைக்கிற இடத்துல போய்ப் படுக்கலாம்மா, அங்க கல்லாவது சின்னதா இருக்கும்" என்று சொன்னீர்கள். இதை மருமகள் என்னிடம் வந்து ஒப்பிக்கவில்லை. பாவம், பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. தாங்கள் தங்கியது என் மகன் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கும் அறை. அந்தக் கட்டில் நானே பார்த்துப் பார்த்து வாங்கிய கட்டில். நில அளவைத் துறையில் காடு மேடெல்லாம் கூடாரம் போட்டுப் படுத்து எழுந்தவன் நான். மெத்தையில் படுத்து ஒருவருக்கு முதுகு வலித்தால் குற்றம் முதுகின் மேல்தானே தவிர மெத்தையின் மேல் இல்லை என்பது என் கட்சி. மனைவியிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துப் போய், "அப்ப நீங்களே நாலு நாள் அதுல படுத்துப் பாருங்களேன்" என்றாள். தகராறு உள்ள நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. போய்ப் படுத்தேன். முதல் காலை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த காலை குனிந்து செருப்பைத் தேடும்போது, தேடாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கடுத்த காலை எழுந்திருக்க முயன்றேன். மனம் எழுந்தது, உடம்பு கட்டிலிலேயே இருந்தது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அவள் என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் குளிக்கவே போகலியே" என்றாள்.

ஆகவே சம்பந்தி, தாங்கள் சொன்னது உண்மை. கல் சின்னதில்லை. மறுநாளே நான் என் பழைய படுக்கைக்குத் திரும்பினேன். ஆனால் வலி விருந்தாளியாக வந்து வீட்டு ஆளாகிவிட்டது. கூடத்திலிருந்து சமையலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவேன், என் கைபட்டுச் சுவரில் ஒரு அழுக்குக் கோடு விழுந்தது. பேரன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். என் காலடிக்கு வந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்கு என்று இரண்டு கையையும் உயர்த்துவான். என்னால் குனிய முடியாது. அவன் கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு மேசைக்காலிடம் போய்க் கையை உயர்த்துவான். மேசைக்கால் அளவுக்கு ஆகிவிட்டோமே என்று இருந்தது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தங்கள் மகள் தங்களோடு பேசுவதற்கு ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போக ஆரம்பித்தாள். கதவையும் சாத்திக்கொள்வாள். எங்களிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசினாளில்லை. குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய குறையாக இருந்தது.

என் மகன் என்னைப் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனான். என் மகளாக இருக்கும் வயது. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே கையை விட்டார், அந்தப் பக்கம் எடுத்தார். "பாருங்க, என் கை சுலபமா போயிட்டு வருது. ராத்திரி முழுக்க இந்த இடம் அந்தரத்துல தொங்குது. தோள் கொஞ்சம் உள்ள இறங்கணும், இடுப்பை ஏதாவது தாங்கணும்" என்றார். மெத்தையை மாற்ற வேண்டாம், மேலே டாப்பர் போட்டால் போதும் என்றும் சொன்னார். டாப்பர் என்பது மெத்தைக்கு மேல் விரிக்கிற இன்னொரு மெத்தை. இதை வீட்டில் விளக்கியபோது, "மெத்தைக்கு மேல மெத்தைன்னா கீழ இருக்கிறது எதுக்கு" என்று என் மனைவி கேட்டாள். 

மகன் ஃபோனிலேயே வாங்கிவிட்டான். குடை அளவுக்குச் சுருட்டி வந்த பொட்டலத்தை நான் கூடத்தில் பிரித்தேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு அது விரிய ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. நாற்காலியைத் தள்ளியது, பூச்சாடியைத் தள்ளியது, பேரன் கைதட்டினான், என் மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதை வெளியே போகச் சொல்லுங்கள் என்றாள். எங்கள் அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். என் கட்டிலில் அதை விரித்துப் படுத்தேன். சேற்றில் இறங்கிய எருமை போல அமிழ்ந்துபோனேன். புரள முடியவில்லை, எழ முடியவில்லை. போதாக்குறைக்கு என் கட்டில் மனைவியின் கட்டிலைவிட மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது. காலையில் அவள், "ராத்திரியெல்லாம் யாரோ மாடியில இருந்து குறட்டை விடுற மாதிரி இருந்துச்சு" என்றாள். திருப்பி அனுப்பிவிடலாம் என்றான் மகன். நான் விடவில்லை. மண் மெத்தென்று இருக்கிறது என்பதற்காக யாராவது நிலத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமன் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரிய வேண்டும். என் முதுகை நானே பார்த்ததில்லை.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், சலித்த மணல் குவிந்து கிடக்கிறது. வேலையாட்கள் போன பிறகு சாயங்காலம் அங்கே போனேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆள் நீளத்துக்குச் சமன் செய்துகொண்டேன். சட்டையைக் கழற்றிவிட்டு மெல்ல மல்லாந்து படுத்தேன். படுத்த பிறகுதான் எழுவதைப் பற்றி யோசிக்கவில்லை என்பது புரிந்தது. காவலாளி ஓடி வந்தார். மேலே கட்டி முடிக்காத இரண்டாம் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, மேலேருந்து விழுந்துட்டீங்களா?" என்றார். இல்லப்பா, நானாத்தான் படுத்தேன் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் அதிகம் பயந்தார். நாலு பேரைக் கூப்பிட்டார், நாலு பேர் பத்துப் பேரானார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் என்னை அசைக்கக் கூடாது என்றார், ஒருவர் அசைக்காமல் படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கள் மகள் அலுவலகம் முடிந்து தெருவில் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெற்று மார்போடு மணலில் கிடப்பது தன் மாமனார் என்று கண்ட ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"மாமா, எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரும்மா. இடுப்பு இன்னும் சரியா பதியல" என்றேன்.

அவள் சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தாள். குனிந்தாள். "எந்தப் பக்கம் பதியல?" என்றாள்.

சம்பந்தி, தங்கள் மகளைப் பற்றித் தாங்கள் பெருமைப்பட ஆயிரம் காரணம் இருக்கும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து நாலு பேரைப் பிரித்தெடுத்து, அச்சு கலையாமல் என்னைக் கதவு தூக்குவதுபோல் நேராக மேலே தூக்கவைத்தாள். மணலில் என் முதுகு கிடந்தது. தோள் இரண்டும் ஆழப் பள்ளம், நடுவில் இடுப்புக்கு நேரே ஒரு மேடு, அதற்குக் கீழே குளம் வெட்டியதுபோல் ஒன்று, அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம். அவள் ஓரிடத்தையும் விடாமல், நான் கொண்டுபோயிருந்த அளவுகோலைக் குத்தி ஆழம் பார்த்துச் சொல்ல, நான் என் சட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். காவலாளி விளக்கைப் பிடிக்க, அவள் அந்த அச்சை ஃபோனில் படமும் எடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சிரித்தாள். தாங்கள் போன பிறகு அவள் என் முன்னால் சிரித்தது அன்றுதான்.

தெருமுனையில் ஒரு குஷன் கடை இருக்கிறது. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் மெத்தை வைப்பவர். டாப்பரைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் வர, நான் மணல் படத்தையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர் ரோடு, இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்று கேட்டார். முதுகு என்றேன். எங்கே இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீளக் கத்தியைத் தண்ணீரில் தோய்த்து டாப்பரைக் குறுக்கே மூன்று துண்டாக வெட்டினார். தோள் படும் துண்டை அப்படியே மெத்தென்று விட்டார். இடுப்புத் துண்டுக்குப் பதில் கார் சீட்டுக்குப் போடும் கெட்டியான ஃபோமை வைத்தார். மூன்றாவது துண்டைக் கொஞ்சம் சீவினார். மூன்றையும் ஜிப் வைத்த உறைக்குள் வரிசையாக நுழைத்துக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து வெற்றி முழக்கத்தோடு படுத்தேன், சம்பந்தி. கெட்டித் துண்டு இடுப்புக்கு வராமல் விலாவுக்கு வந்து, யாரோ முழங்காலை மடக்கி என் முதுகில் முட்டுக்கொடுத்ததுபோல் இருந்தது. காரணம் பிறகு புரிந்தது. மணலில் படுத்தபோது தலையணை இல்லை. கட்டிலில் தலையணை என்னை ஒரு சாண் கீழே தள்ளிவிட்டது. ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவன் சொந்த முதுகில் ஒரு சாண் பிசகிவிட்டேன். மறுநாள் காலை சாப்பிடக்கூட எழவில்லை. என் மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போதுங்க, விட்டுடுங்க" என்றாள். அவள் கிண்டல் செய்யாமல் சொன்னதால் நானும் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மருமகள் என் அறைக்கு வந்தாள். ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "இது சரியா வந்துட்டா, எங்கப்பாவுக்கும் ஒண்ணு செஞ்சு அந்த ரூம்ல போடலாமா மாமா?" என்றாள்.

அதற்கு மேல் விட முடியுமா? மறுநாளே இன்னொரு டாப்பர் வாங்கினோம். என்னுடையதைத் தலையணைக் கணக்கோடு திருத்துவது, தங்களுக்குப் புதிதாக ஒன்று செய்வது, இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பது என்று குஷன் கடையில் பேசியாகிவிட்டது. ஆனால் தங்கள் முதுகின் அளவு? தங்களை மணலில் படுக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இந்த இடத்தில்தான் சம்பந்தி, தங்களிடம் ஒன்றை வெளிப்படுத்த வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு பகலில் தாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்துத் தரையில் அயர்ந்து தூங்கியபோது, தங்கள் மகள் ஃபோனில் சொல்லிவைத்தபடி சம்பந்தியம்மா டேப்போடு தங்களைச் சுற்றி வந்தது நினைவிருக்கும். என்ன செய்கிறாய் என்று கேட்டீர்களாம். திரைச்சீலைக்கு அளவெடுக்கிறேன் என்றார்களாம். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாங்கள் மறுபடி தூங்கிவிட்டீர்களாம். தாங்கள் தூங்கியதும் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கத் தங்கள் அலமாரியிலிருந்தே இலக்கணப் புத்தகங்களை எடுத்து நுழைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நுழைந்தது. மூன்றாவதை நுழைக்கும்போது விழித்துக்கொண்டு, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று கோபித்தீர்களாம். அந்த இரண்டு புத்தகத்தின் கனம்தான் தங்கள் டாப்பரின் நடு மேடு. ஜன்னலுக்குத் திரைச்சீலை வரும் என்று காத்திருந்தால், வராது.

டாப்பர்கள் வந்தன. என் மனைவி இரண்டையும் அந்தந்தக் கட்டிலில் போட்டு விரிப்பு விரித்தாள். நான் பெரிய எதிர்பார்ப்பு ஏதுமில்லாமல் படுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது காலை வெயில். எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை. எழுந்து, முகம் கழுவி, சமையலறைக்குப் போய், தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுத்தான் கவனித்தேன், சுவரைத் தொடவில்லை. சந்தேகமாக இருந்தது. திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தேன். தொடவில்லை. குனிந்து செருப்பை எடுத்தேன், பிறகு தேவையில்லாமல் அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி குனிந்து எடுத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்ப அந்தச் செருப்பை என்ன பண்ணப் போறீங்க" என்று மட்டும் கேட்டாள். அப்போது பேரன் தவழ்ந்து வந்து மேசைக்காலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். நான் குறுக்கே போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, தலைக்கு மேலே தூக்கினேன். அவன் முதலில் பயந்தான், பிறகு கூரையைத் தொடலாம் என்று கண்டுகொண்டான். வாசலில் அலுவலகம் கிளம்பி நின்ற மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். பேருந்து போய்விட்டது, அவள் கவலைப்படவில்லை. "எங்கப்பாவைக் கூப்பிடட்டுமா மாமா?" என்றாள்.

"நீ கூப்பிட்டா மகளுக்காக வருவார், பல்லைக் கடிச்சிட்டுப் படுப்பார். அவர் முதுகுக்காக வரணும். நான் எழுதறேன்" என்றேன்.

அன்று முதல் ஒரு நாளும் தவறாமல் தூங்குகிறேன். தண்ணீர்க் குடம் தூக்குகிறேன், பரணில் ஏறுகிறேன், யாரும் கேட்காமலே மேசையை நகர்த்துகிறேன். பிசியோதெரபிப் பெண் என் இடுப்பைத் தட்டிப் பார்த்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் அளவுதான் என்றேன். டாப்பரை நம்பாத என் மனைவியே ஒரு பகலில் என் கட்டிலில் அயர்ந்து தூங்கியதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மடித்த துணியை வைக்க வந்தாளாம். குஷன் கடைக்காரர் மணல் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார், பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அளவு பிசகாவிட்டால் முதுகும் பிசகாது. சரியாக அளந்த முதுகுக்கு உலகில் வலி என்று ஒன்றில்லை. இதை எந்த மேடையிலும் நான் சொல்லத் தயார்.

ஆகவே சம்பந்தி, வரும் மாதம் பேரனுக்கு ஒரு வயது நிறைகிறது. தாங்களும் சம்பந்தியம்மாவும் அவசியம் வர வேண்டும். பத்து நாள் இல்லை, ஒரு மாதம் இருக்க வேண்டும். தங்கள் முதுகுக்கென்றே, தங்களுக்கே தெரியாமல் அளந்து, வெட்டி, தைத்த டாப்பர் அந்த அறையில் விரித்து வைத்திருக்கிறது. அதில் இதுவரை யாரும் படுக்கவில்லை. தங்கள் மகள் தினமும் போய் அதைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறாள். பால்கனிக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்களுக்கு என் பணிவான அன்பு. பேரன் தன் பங்குக்கு இந்தக் காகிதத்தின் மூலையைக் கடித்திருக்கிறான், அதை அவன் முத்தமாக ஏற்றுக்கொள்ளவும். நிமிர்ந்த முதுகும் நீண்ட உறக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி,
ஓய்வு பெற்ற நில அளவையாளர்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டுப் பசை தடவப் போகும்போது, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த என் மனைவி ஒரு சந்தேகம் கேட்டாள். இரண்டு டாப்பருக்கும் ஒரே நீலத் துணியில் உறை இருக்கிறதே, எது எந்தக் கட்டிலுக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றாள். அன்று நீ எப்படித் தெரிந்துகொண்டாய் என்றேன். கைக்கு வந்ததைப் போட்டாளாம். ஜிப்பைத் திறந்து அளந்து பார்த்தேன். இவ்வளவு நாளும் நான் ராஜா மாதிரி தூங்கியது தங்கள் டாப்பரில். எனக்காக மணலில் கிடந்து அளந்தது அந்த அறையில் கிடக்கிறது. உடனே போய் அதில் படுத்துப் பார்த்தேன். என் மகன் வந்து தூக்கிவிட்டான். ஆகவே அளவு பற்றி மேலே எழுதியதைப் படிக்காததுபோல் விட்டுவிடவும். தாங்கள் வர வேண்டியது மட்டும் மாறவில்லை, மருமகளிடம் சொல்லியாகிவிட்டது. தாங்கள் என் டாப்பரில் படுப்பீர்கள், நான் தங்களுடையதில். முதல் நாளே அசௌகரியமாக இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். மாற்றித் தர மாட்டேன். ஆனால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன்.